அப்பாவின் பழைய ஃபைல்கள் திறக்கவில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

உங்கள் அப்பா தமிழாசிரியர். ஓய்வுக்குப் பிறகு கெடிலக் கரை ஊர்களின் கோயில்கள், சந்தைகள், பழைய சத்திரங்கள் பற்றி எழுதி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வாங்கி வைத்தார். இப்போது அவர் இல்லை. அவருடைய பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட்டிஸ்க் ஒன்றும் பென்டிரைவ் ஒன்றும் உங்களிடம் லாஸ்பேட்டையில் இருக்கின்றன. பென்டிரைவைச் செருகினால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது. ஹார்ட்டிஸ்க்கிலிருந்து எடுத்த ஃபைல்களில் சில எந்த புரோகிராமில் திறப்பது என்று கேட்டுக்கொண்டு நிற்கின்றன. சில திறக்கின்றன, ஆனால் உள்ளே புரியாத எழுத்து. ஒரு வேர்ட் ஃபைல் கெட்டுவிட்டது என்று வருகிறது. சில போட்டோக்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். கடையில் காட்டியதற்கு எல்லாம் போய்விட்டது, ஃபார்மட் பண்ணித் தருகிறோம் என்றார்கள். இதை வைத்து அப்பா எழுதியதைப் புத்தகமாகப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சிக்கல் இல்லை. ஒன்றுக்குப் புரோகிராம் இல்லை, ஒன்றுக்கு எழுத்துரு இல்லை, ஒன்று நிஜமாகவே சேதம், ஒன்றில் ஃபைல் நன்றாக இருக்கிறது ஆனால் அது இருக்கிற டிரைவுக்குக் கோளாறு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ஃபார்மட் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் ஒரு தலைமுறை எழுதி வைத்தது காணாமல் போகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். அந்தப் பென்டிரைவையும் ஹார்ட்டிஸ்க்கையும் கழற்றி வையுங்கள். அவற்றில் எதையும் சேமிக்க வேண்டாம், ரிப்பேர் செய்கிறேன் என்று சொல்லும் எந்த புரோகிராமையும் அவற்றின் மேல் ஓடவிட வேண்டாம். ஏற்கெனவே காப்பி எடுத்த ஃபைல்களை இன்னொரு ஃபோல்டரில் மறுபடி ஒரு காப்பி எடுத்து, இனிமேல் சோதனை எல்லாம் அந்த இரண்டாவது காப்பியில்தான். சரி, இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த புரோகிராமில் திறப்பது என்று கேட்கிற ஃபைல்கள் முதலில். விண்டோஸ் சாதாரணமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை, அதாவது எக்ஸ்டென்ஷனை, மறைத்து வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11ல் அது வியூவுக்குள் ஷோ என்பதன் கீழ் இருக்கும். இப்போது பெயரின் முடிவில் பிஎம்டி என்றோ பி65 என்றோ இருந்தால் அது பேஜ்மேக்கர் ஃபைல். பி65 என்றால் 6.5 பதிப்பு, பிஎம்டி என்றால் 7. நம் ஊர் டிடிபி சென்டர்கள் அந்தக் காலத்தில் புத்தகம், மலர், நோட்டீஸ் எல்லாம் போட்டது இதில்தான். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001ல். அதற்கு மேல் புதிய பதிப்பு வரவேயில்லை. அதனால் உங்கள் புது லேப்டாப்புக்கு அது தெரியாத ஃபைல், அவ்வளவுதான்.

இதற்கு வழி இருக்கிறது. வேர்ட் போன்ற புரோகிராம்கள் அடங்கிய லிபரே ஆஃபீஸ் இலவசம். அதன் டிரா பகுதி 2015 முதல் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கிறது. பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், ஆனால் உள்ளே இருக்கிற எழுத்து கிடைத்துவிடும். உங்களுக்கு வேண்டியது அதுதான். இன்டிசைன் என்ற பக்க அமைப்பு புரோகிராமின் சிஎஸ்6 பதிப்பை வைத்திருக்கிற அச்சகத்தில் கொடுத்தால் இன்னும் சுத்தமாகத் திறக்கும். அதற்குப் பிந்திய இன்டிசைன் பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். மிகச் சிறந்த வழி, பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் பேஜ்மேக்கரை இன்னும் வைத்திருக்கிற டிடிபிக்காரர் ஒருவரைக் கண்டுபிடிப்பது. அவரிடம் ஃபைலைக் கொடுத்து இரண்டு விஷயம் கேளுங்கள்: பக்கங்களை அப்படியே பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லுங்கள், எழுத்தை மட்டும் வேர்டில் திறக்கிற ஆர்டிஎஃப் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள். பிடிஎஃப் பார்ப்பதற்கு, ஆர்டிஎஃப் வேலை செய்வதற்கு. படங்கள் சில வராமல் போகலாம். பேஜ்மேக்கரில் பெரிய படத்தை வைத்தால், அதை ஃபைலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். ஃபைல் பெருத்துவிடும் என்று பலர் வேண்டாம் என்பார்கள். அப்படியானால் படம் தனி ஃபைலாக ஹார்ட்டிஸ்க்கில் வேறெங்கோ இருக்கும். டிஃப் என்று முடியும் ஃபைல்களைத் தேடிப் பாருங்கள்.

சிடிஆர் என்று முடிந்தால் கோரல் டிரா. அட்டைப் படம் அதில் இருக்கலாம். புதிய கோரலில் பழைய ஃபைல் பெரும்பாலும் திறக்கும்.

எக்ஸ்டென்ஷனே இல்லாமலோ தப்பாகவோ இருந்தால், ஃபைலின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். சாம்பார் பொடி டப்பாவில் ரவை இருந்தால் மூடியில் ஒட்டிய சீட்டை நம்பிப் பயனில்லை, திறந்துதான் பார்க்க வேண்டும். ஃபைலின் காப்பியை நோட்பேடில் திறங்கள். பெரும்பாலும் குப்பை மாதிரிதான் தெரியும், பயப்பட வேண்டாம். முதல் சில எழுத்துகளை மட்டும் பாருங்கள். பி, கே என்ற இரண்டு பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது ஜிப் வகை. 2007 பதிப்பு முதல் வந்த புதிய வகை வேர்ட், எக்ஸெல் ஃபைல்கள் எல்லாம் உள்ளுக்குள் ஜிப்தான். சதவீதக் குறியும் அதை ஒட்டி பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் இருந்தால் பிடிஎஃப். அடைப்புக்குறி, பின்சாய்வுக் கோடு, ஆர்டிஎஃப் என்று வந்தால் ஆர்டிஎஃப். முதல் வரியில் ஜேஎஃப்ஐஎஃப் என்றோ எக்ஸிஃப் என்றோ தெரிந்தால் ஜேபிஜி போட்டோ. அதற்கேற்ற எக்ஸ்டென்ஷனைப் பெயரில் போட்டுத் திறந்து பாருங்கள். முக்கியம்: நோட்பேடைப் பார்த்துவிட்டு மூடுங்கள், சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். செய்தால் அந்தக் காப்பி நிஜமாகவே கெட்டுவிடும்.

இதே முறையில் இன்னொன்றும் பிடிபடும். இணையத்தில் இறக்கிய பிடிஎஃப் அல்லது எக்ஸெல் திறக்காமல் இருந்து, நோட்பேடில் பார்த்தால் எச்டிஎம்எல் என்ற சொல் முதலில் தெரிந்தால், நீங்கள் இறக்கியது ஆவணமே இல்லை. லாகின் காலாவதியான பக்கமோ பிழைச் செய்திப் பக்கமோ அந்தப் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை ரிப்பேர் செய்ய எதுவும் இல்லை, மறுபடி லாகின் செய்து இறக்க வேண்டியதுதான்.

அடுத்தது, உங்கள் விஷயத்தில் எல்லாவற்றிலும் பெரிய பகுதி: திறக்கிறது, ஆனால் புரியாத எழுத்து. இதைத்தான் கடைக்காரர்கள் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். இது கெடவே இல்லை. இந்த ஃபைல்கள்தான் உங்களிடம் இருப்பதிலேயே ஆரோக்கியமானவை.

நடந்தது இது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோட் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில்தான் வந்தது. டிடிபி சென்டர்கள் அதற்குப் பிறகும் நெடுநாள் பழைய முறையிலேயே இருந்தன, பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது என்பதால். பழைய முறையில் கம்ப்யூட்டர் சேமிப்பது ஆங்கில எழுத்தின் எண்ணை. எழுத்துருதான் அந்த இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அம்மா என்று அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச். பாமினி எழுத்துரு உங்கள் லேப்டாப்பில் இல்லாததால் அந்த ஆங்கில எழுத்துகளே தெரிகின்றன. எழுத்துருவைப் போட்டால் அதே கணத்தில் அம்மா வந்துவிடும்.

எந்த எழுத்துரு என்று எப்படித் தெரிந்துகொள்வது? புரியாத எழுத்தின் நடுவில் கர்சரை வைத்து, வேர்டில் ஹோம் பக்கத்தில் எழுத்துருப் பெயர் வரும் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் ஃபைல் கேட்கிற பெயரை வேர்ட் அங்கே காட்டும். பாமினி, வானவில் அவ்வையார், டாம், டாப் என்று தொடங்கும் பெயர்கள், இப்படி ஏதாவது இருக்கும். அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மொத்த வேலைக்கும் அதுதான் சாவி. இதனால்தான் சொல்கிறேன், யாராவது எல்லாவற்றையும் செலக்ட் செய்து எழுத்துருவை லதா என்றோ ஏரியல் என்றோ மாற்றிப் பார்க்கலாம் என்றால் விடாதீர்கள். அப்படிச் செய்து சேவ் செய்தால் எழுத்து அழியாது, ஆனால் எது தமிழ்ப் பகுதி, எது ஆங்கிலப் பகுதி, எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விடும்.

பெயர் தெரியாவிட்டாலும் தோற்றத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். சாதாரண ஆங்கில எழுத்துகளாக, நிறைய செமிகோலனோடு தெரிந்தால் பாமினி. தமிழ் என்ற சொல்லின் கடைசியில் ழ் வருகிற இடத்தில் ஓ, செமிகோலன் என்று இருக்கும். சாதாரண ஆங்கில எழுத்தும், நடுநடுவே மேலே புள்ளியோ கொக்கியோ வைத்த ஐரோப்பிய எழுத்தும் கலந்திருந்தால் வானவிலாக இருக்கலாம். அதில் மி, ழ் போன்றவை ஒரே எழுத்தாக வரும். கிட்டத்தட்ட எல்லாமே அந்தக் கொக்கி வைத்த எழுத்துகளாக இருந்து, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஒழுங்காகப் படிக்க முடிந்தால் டாப் அல்லது திஸ்கி. அவை இரண்டும் ஆங்கில எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்ட இருமொழி முறைகள். டாம் என்பது தமிழுக்கு மட்டும். 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் இரண்டையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. பிறகு 2010ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. எனவே அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அடித்தவை இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது, இலவசம். இணையத்திலேயே மாற்ற வேண்டுமென்றால் பொங்குதமிழ். ஒரு பத்தியை எடுத்து மாற்றிப் பாருங்கள், சரியான முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் உடனே தெரியும். மாற்றும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் எடுங்கள். பாமினியை மாற்றும்போது நடுவில் ஆங்கிலச் சொல்லோ அடைப்புக்குறிக் குறிப்போ இருந்தால் அதையும் தமிழாக்கிக் குளறுபடி செய்துவிடும். வேர்டின் தேடு வசதியில் எழுத்துருவை வைத்தே தேடலாம். தமிழ் எழுத்துருவில் இருக்கிற பகுதிகளை மட்டும் அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் அடிப்பார்கள். மலை என்றால் ம, அப்புறம் இணைக்கொம்பு, அப்புறம் ல. யூனிகோடில் ல முதலில், ஐகாரக் குறி அடுத்து. இதை கன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அடித்தவர் துணைக்காலை வைத்து ர் அடித்திருந்தால் அது பார்த்துக்கொள்ளாமல் போகலாம். பாமினியில் ர் வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்துவிடுவது பரவலான பழக்கம். மாற்றியபின் அவர்கள் என்பது ‘அவா்கள்’ என்று வந்து நிற்கும். உற்றுப் பாருங்கள், நடுவில் இருப்பது ர் இல்லை, காலும் புள்ளியும். திரையில் கண் ஏமாந்துவிடும். ஆனால் தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் தப்பான இடத்தில் நிற்கும், அச்சில் சில எழுத்துருவில் நடுவே புள்ளிவட்டம் வரும். துணைக்கால், மேற்புள்ளி இரண்டையும் சேர்த்துத் தேடி ர் என்று ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். அதேபோல ஔவை என்பதில் ஒ, ள என்று தனித்தனியாக அடித்திருப்பார்கள். கௌ, பௌ வரும் சொற்களிலும் ள புகுந்திருக்கும். அதைத் தானாக மாற்ற முடியாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அப்பா எழுதிய ஊர்ப்பெயர்களை அவர் எழுதியபடியே வைக்க வேண்டுமானால் இந்தப் பார்வை அவசியம். கரையேறவிட்டகுப்பம், தேவனாம்பட்டினம், திருமாணிக்குழி என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். எங்கே எண்ணிக்கை குறைகிறதோ அங்கே மாற்றத்தில் பிழை இருக்கிறது.

இனி கெட்டுவிட்டது என்று சொல்கிற வேர்ட் ஃபைல். முதலில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் அளவைப் பாருங்கள். பெயரின் தொடக்கத்தில் அலைக்குறியும் டாலர் குறியும் இருந்து, அளவு வெறும் 162 பைட் என்றால் அது கட்டுரையே இல்லை. ஒரு ஃபைல் திறந்திருக்கும்போது, இதை இவர் பயன்படுத்துகிறார் என்று வேர்ட் எழுதி வைக்கிற குறிப்பு. கரன்ட் போய் கம்ப்யூட்டர் நின்றால் அது அழியாமல் தங்கிவிடும். நிஜ ஃபைல் அதே ஃபோல்டரில் கிட்டத்தட்ட அதே பெயரில் இருக்கும். மறைந்திருக்கும் ஃபைல்களையும் சேர்த்துக் காப்பி எடுக்கும்போது இது கூடவே வந்து பலரைக் கலங்கடிக்கிறது.

அளவு பூஜ்யம் என்றால் உள்ளே எதுவும் இல்லை. எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. அளவு சரியாக இருந்தும் நோட்பேடில் முழுக்க வெற்றிடமாகவே தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் அதே நிலைதான். சேமிக்கிற நேரத்தில் கரன்ட் போயிருக்கும். ஃபைலின் பெயரும் அளவும் டிஸ்க்கில் பதிவாகிவிட்டது, உள்ளடக்கம் எழுதப்படுவதற்குள் நின்றுவிட்டது. இப்படி இருந்தால் அந்த ஃபைலோடு போராடாமல் அதன் வேறு பிரதியைத் தேடுங்கள். டபிள்யூபிகே, ஏஎஸ்டி என்று முடியும் ஃபைல்கள் வேர்ட் தானாக எடுத்து வைத்தவை. டிடிபி சென்டரில் கேட்டுப் பாருங்கள். பழைய வேலைகளை சிடியில் போட்டு வைத்திருக்கிறவர்கள் உண்டு. அப்பா யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அந்தப் பெட்டியிலும் தேடுங்கள்.

உள்ளே ஏதோ இருக்கிறது என்றால் நம்பிக்கை உண்டு. வேர்டில் ஃபைல், ஓபன், பிரவுஸ் என்று போய் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஓபன் பட்டனை நேரடியாக அழுத்தாமல் அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். கடைசியில் ஓபன் அண்ட் ரிப்பேர் என்று இருக்கும். அது கைவிட்டால் லிபரே ஆஃபீஸில் திறந்து பாருங்கள்; வேர்ட் மறுத்ததை அது திறப்பது அடிக்கடி நடக்கிறது. டாக்எக்ஸ் வகையாக இருந்தால் இன்னொரு வழி, காப்பியின் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றி, செவன்ஜிப் புரோகிராமில் திறப்பது. உள்ளே வேர்ட் என்ற ஃபோல்டரில் டாக்குமென்ட் என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். மொத்த எழுத்தும் அதில்தான். குறியீடுகள் நடுவே சிதறிக் கிடக்கும், ஆனால் வாக்கியங்களைப் படித்து எடுக்கலாம். மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் முழுதாக இருக்கும். பழைய டாக் வகையாக இருந்தால், ஓபன் பெட்டியில் ஃபைல் வகைப் பட்டியலில் ரெக்கவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறக்கலாம். எழுத்துருத் தகவல் போய், பாமினியின் ஆங்கில எழுத்தாகத்தான் வரும். அதுவே போதும், மேலே சொன்னபடி மாற்றிக்கொள்ளலாம்.

இவையெல்லாம் செய்யும் முன் ஒன்று: திரையில் வருகிற செய்தியை முழுக்கப் படியுங்கள். கெட்டுவிட்டது என்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் வேறு. மிகப் பழைய வேர்ட் ஃபைல்களைப் பாதுகாப்புக்காக வேர்டே திறக்க மறுக்கும். டிரஸ்ட் சென்டரில் ஃபைல் பிளாக் செட்டிங்ஸில் அந்தத் தடையை எடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம். மின்னஞ்சலில் வந்தது என்றால் பிராப்பர்டீஸிலேயே அன்பிளாக் என்று இருக்கும்.

பென்டிரைவுக்கு வருகிறேன். ஃபார்மட் கேட்டால் கேன்சல். வேறு கம்ப்யூட்டரில், முன்பக்கம் இல்லாமல் பின்பக்க யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். அதற்கு முன் அதன் தங்கநிறத் தகடுகளைப் பாருங்கள். நம் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்தத் தகடுகளில் பச்சையாகவோ கறுப்பாகவோ படியும். தேவனாம்பட்டினம் பக்கமும் கடலூர் துறைமுகம் பக்கமும் இருந்து வருகிற கம்ப்யூட்டர்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள்.

பிறகு விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். பென்டிரைவின் கொள்ளளவு சரியாகத் தெரிந்து, பக்கத்தில் ரா என்று இருந்தால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மட்டும் சேதம். ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். நோ மீடியா என்று வந்தாலோ கொள்ளளவே காட்டாவிட்டாலோ, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சில்லு போயிருக்கிறது. அப்போது மென்பொருளால் பயனில்லை, சில்லைக் கழற்றிப் படிக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ரா என்றால் முதலில் பென்டிரைவ் முழுவதையும் அப்படியே நகலெடுத்து ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, வேறு டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இமேஜின் மேல் ஃபோட்டோரெக் ஓட்டுங்கள், இலவசம். அது அட்டவணையைப் பார்க்காது. நான் மேலே சொன்னேனே, ஒவ்வொரு வகை ஃபைலும் தனக்கென்று ஒரு தொடக்க எழுத்து வைத்திருக்கிறது என்று, அதைத் தேடிக்கொண்டே போய் ஃபைலை மீட்டெடுக்கும். பெயர்கள் போய்விடும், எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான் பெயராக இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைக்க வேண்டிவரும். அதன் கூடவே வருகிற டெஸ்ட்டிஸ்க், அட்டவணையைச் சரிசெய்து பெயரோடு மீட்கவும் முயலும். கடையில் ஏற்கெனவே செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டியிருந்தால், ஃபவுண்ட் 000 என்று ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். அதில் சிஎச்கே என்று முடியும் துண்டுகள் உங்கள் ஃபைல்களாக இருக்கலாம்.

பென்டிரைவ் திறந்து ஃபைல்களுக்குப் பதில் எல்லாம் ஒரு கேபி ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் அது ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர்களில் ஒட்டிக்கொள்ளும் வைரஸ். ஷார்ட்கட்டைத் தொடாமல், மறைந்த ஃபைல்களையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மாற்றினால் அசல் அங்கேயே இருக்கும்.

ஹார்ட்டிஸ்க் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அது டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள், ஒவ்வொரு முறை ஓடும்போதும் இன்னும் சேதமாகும். வீட்டில் எப்போதாவது தண்ணீர் புகுந்ததா என்றும் வீட்டாரிடம் கேளுங்கள். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது. 2015 வெள்ளம் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை ஏறியது. தண்ணீரில் நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்து, கரன்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே படிந்த சேறு, சுழலும் தகட்டைக் கீறிவிடும். அதைத் தூசியில்லாத அறை வைத்திருக்கிற மீட்பு நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும். செலவு அதிகம்தான், ஆனாலும் வேறு பிரதி கிடைக்காதபோது அது ஒன்றே வழி.

பாதி சாம்பலான போட்டோக்கள். ஜேபிஜி மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கப்படும்; நடுவில் ஓரிடம் படிக்க முடியாமல் போனால் அதற்குக் கீழே எல்லாம் போகும். காப்பி எடுக்கும்போதே அறுபட்டிருக்கலாம், எனவே அசல் டிஸ்க்கிலிருந்து அந்தப் படங்களை மட்டும் மறுபடி எடுத்துப் பாருங்கள். அசலிலேயே அப்படித்தான் என்றால், பெரும்பாலான கேமரா படங்களுக்குள் ஒரு சின்ன முன்னோட்டப் படம் தனியாக இருக்கும். கல்வெட்டைப் படிக்க அது போதாது, எந்த ஊர் எந்த மண்டபம் என்று அடையாளம் காணப் போதும். மறுபடி போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

திறக்கவில்லை என்று நீங்கள் கடைசியில் கேட்ட இ-ஆதார் பிடிஎஃப்: அதில் கோளாறு ஒன்றும் இல்லை, பாஸ்வேர்ட்தான். ஆதாரில் இருக்கிறபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த வருடம் நான்கு இலக்கம். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால் வருமே, அங்கேதான் தடுமாறுவார்கள். இனிஷியலும் அதன் புள்ளியும் அந்த நான்கில் சேரும், நடுவில் இருக்கும் இடைவெளி சேராது. பி. குமார் என்றால் பி, புள்ளி, கே, யூ.

எந்த ஃபைலும் மீளாத பகுதிகளுக்கு, வீட்டில் பிரின்ட் அவுட் இருக்கிறதா என்று பரண், பீரோ எல்லாம் பாருங்கள். டிடிபியில் அடித்தால் திருத்துவதற்கு ஒரு புரூஃப் காப்பி கட்டாயம் கொடுப்பார்கள். ஆசிரியர்கள் அதைத் தூக்கிப் போடுவதில்லை. அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் அச்சை எழுத்தாகவே மாற்றித் தரும். அப்பா பேனாவால் போட்ட திருத்தங்களும் அந்தத் தாளில் இருக்கும், அவை எந்த ஃபைலிலும் இருக்காது. அதனால் ஃபைல் மீண்டுவிட்டாலும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு எனக்கு மூன்று விஷயம் எழுதுங்கள்: புரியாத எழுத்தில் கர்சரை வைக்கும்போது எழுத்துருப் பெட்டியில் வரும் பெயர், டிஸ்க் மேனேஜ்மென்டில் பென்டிரைவுக்கு நேரே இருப்பது, கெட்டுவிட்டது என்கிற வேர்ட் ஃபைலின் அளவு. எழுத்துருப் பெயர் தெரிந்ததும் எந்த கன்வெர்ட்டரில் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். அதுவரை ஹார்ட்டிஸ்க்கையும் பென்டிரைவையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.